டிவிடி ரைட்டர் இல்லாத லேப்டாப்பிலிருந்து வீட்டு வீடியோக்களை டிஸ்க்கில் ஏற்றுவது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: லேப்டாப் புதுசு, அதில் டிஸ்க் போடுகிற தட்டே கிடையாது. ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கோ டிவிடி பிளேயர்தான் பழக்கம். ஏதாவது சாஃப்ட்வேர் போட்டால் போதுமா?

போதாது. டிஸ்க்கில் எழுதுவது லேசர். அது இல்லாத லேப்டாப்பில் எந்த சாஃப்ட்வேரைப் போட்டாலும் எழுத முடியாது. ஆனால் லேசர் தேவைப்படுவது கடைசிக் கால் மணி நேரத்துக்கு மட்டும்தான். அதற்கு முந்தைய வேலை அத்தனையும் உங்கள் லேப்டாப்பிலேயே முடியும். இது புரியாமல் நான் நாலு டிஸ்க்கைப் பாழாக்கினேன்.

எங்கள் அப்பத்தா பாம்பன் தெற்குவாடியில் இருக்கிறார். பழைய டப்பா டிவி, பக்கத்தில் ஒரு டிவிடி பிளேயர். ரிமோட்டில் ப்ளே பட்டன் மேல் மட்டும் சிவப்பு நெயில்பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் கொடுத்திருக்கிறோம்; மற்ற பட்டன்களை அவர் தொடுவதில்லை. டிஸ்க் எதுவானாலும் அவருக்கு அது கேசட்டுதான். தங்கச்சி கல்யாணம், தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழா, அப்புறம் அப்பா பழைய ஹேண்டிகேமில் பிடித்த பாம்பன் பாலம், மூன்றையும் கேசட்டில் போட்டுத் தா என்று கேட்டார்.

பாலம் வீடியோ எனக்கே பொக்கிஷம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் கப்பல் வந்தால் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையாலேயே சுற்ற, நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மெல்ல மேலே எழும். அப்பா அதை ரோட்டுப் பாலத்தில் நின்று பிடித்திருக்கிறார். காற்றுச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்பத்தா கேட்டது பழையதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் தடவை எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போய் ராமநாதபுரத்தில் ஒரு கடையில், “டிவிடி போட்டுக் கொடுங்க” என்றேன். அவர்கள் எம்பி4 ஃபைல்களை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்து கொடுத்துவிட்டார்கள். அப்பத்தா வீட்டில் தட்டு உள்ளே போனது, கிர்ரென்று சுற்றியது, திரையில் ‘நோ டிஸ்க்’ என்று வந்தது. நான் படித்துச் சொன்னதும், “கேசட்டு உள்ள போச்சுல்ல? பெறகு ஏன் இல்லைங்குது?” என்றார். நியாயமான கேள்வி.

பதில் இதுதான். பழைய பிளேயருக்கு டிஸ்க்கில் ஃபைல் இருந்தால் மட்டும் போதாது, டிவிடி-வீடியோ என்ற அமைப்பில் இருக்க வேண்டும். அதாவது படம் எம்பெக்-2 வடிவில், நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறைப்படி 720×576 அளவில், விநாடிக்கு 25 ஃபிரேம். அதெல்லாம் ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டருக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என்ற ஃபைல்களாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கும். பிளேயர் தேடுவது அந்த ஃபோல்டரைத்தான்.

இந்த மாற்றத்தைச் செய்ய டிவிடிஸ்டைலர் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். புது ப்ராஜெக்ட் திறக்கும்போது பால் என்பதைத் தேர்ந்தெடுங்கள், டப்பா டிவி என்றால் திரை விகிதத்தை 4:3 வையுங்கள். வீடியோக்களை உள்ளே இழுத்துப் போடுங்கள். மெனு அழகாக வைக்கலாம், ஆனால் எங்கள் அப்பத்தா மாதிரி ஒரே பட்டன் ஆளாக இருந்தால் மெனுவே வேண்டாம், போட்டவுடன் ஓடட்டும். கடைசியில் பர்ன் என்று கொடுக்கும்போது, டிஸ்க்கில் எழுதுவதற்குப் பதிலாக ஐஎஸ்ஓ இமேஜ் உருவாக்கும் வசதி இருக்கும். அதுதான் நமக்கு வேண்டும். முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக லேப்டாப்பிலேயே தயாராகிவிடும். பழைய லேப்டாப் என்றால் மணிக்கணக்கில் ஓடும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் பத்துப் பதினைந்து ஜிபி காலியாக இருக்கட்டும்.

ஒரு டிஸ்க்கில் எவ்வளவு அடைப்பது? சாதாரண டிவிடி 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் வைத்தால் விநாடிக்குச் சுமார் 5 மெகாபிட்தான் கிடைக்கும், அதற்குள் சத்தமும் அடங்க வேண்டும். பரவாயில்லாமல் தெரியும். மூன்று மணி நேரக் கல்யாணத்தைத் திணித்தால் பட்டுப்புடவைச் சரிகையெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். நான் ஒரு டிஸ்க்குக்கு ஒன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டேன். செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோக்கள் டிவியில் நடுவில் ஒல்லிக் கீற்றாகத்தான் வரும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

ஐஎஸ்ஓ வந்ததும் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் சாஃப்ட்வேரில் திறந்து கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். இங்கே தப்பு இருந்தால் செலவு இல்லாமல் திருத்தலாம்.

இப்போது லேசர். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிவிடி ரைட்டர். யாரிடமாவது இரவல் வாங்கினாலே போதும். ஆனால் அதற்கு மின்சாரமும் யூஎஸ்பி வழியேதான் வர வேண்டும். நான் யூஎஸ்பி ஹப்பில் சார்ஜர், மவுஸ் எல்லாவற்றோடும் சேர்த்து மாட்டியதில் பாதியில் நின்றுபோனது. டிஸ்க்கை வெளியே எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். எழுத்து நடு ஓட்டையிலிருந்து வெளியே நோக்கித்தான் போகும், எழுதிய இடம் நிறம் மாறித் தெரியும். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம், அதற்கப்புறம் வெறும் ஊதா. அடுத்ததும் அதே இடத்தில் நின்றது. ரைட்டரை லேப்டாப்பில் நேராக மாட்டுங்கள். இரட்டைத் தலை ஒயர் வந்திருந்தால் இரண்டு தலையையும் மாட்டுங்கள்.

இன்னொன்று, ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் போட்டு ரைட்டர் உள்ள கம்ப்யூட்டருக்குப் போவது. பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, சொந்தக்காரர் வீடு, எதுவானாலும் சரி. கடைசியில் எனக்குக் கைகொடுத்தது மண்டபத்தில் மாமா கடை டெஸ்க்டாப்தான். ஆனால் அங்கே போவதற்கு முன்னால் ஒரு முட்டுக்கட்டை. 16 ஜிபி பென்டிரைவ், முழுக்கக் காலி, ஆனாலும் ஃபைல் பெரிசு என்று காப்பி ஆகவில்லை. காரணம், பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தது; அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்ததும் ஏறியது.

எழுதுவதற்கு விண்டோஸில் ஐஎஸ்ஓவின் மேல் ரைட் கிளிக் செய்தாலே பர்ன் வசதி வரும். நான் இம்க்பர்ன் என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்தினேன், எழுதியதை மறுபடி படித்துச் சரிபார்க்கும் வசதி அதில் இருப்பதால். கடையில் யாராவது ஐஎஸ்ஓவை டிஸ்க்கின் மேல் இழுத்துப் போடப் போனால் தடுத்துவிடுங்கள். அது வெறும் ஃபைலாகத்தான் ஏறும், மறுபடி ‘நோ டிஸ்க்’. என் நாலாவது டிஸ்க் அப்படித்தான் போனது. வேகம் 4 எக்ஸ் போதும், முழு டிஸ்க்குக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும்.

உங்கள் பிளேயரின் முகப்பில் யூஎஸ்பி துளை இருந்தால் டிஸ்க் இல்லாமலே முடித்துவிடலாம். பழைய மாடல்கள் பெரும்பாலும் எக்ஸ்விட் ஏவிஐ என்ற பழைய வகை வீடியோ ஃபைல்களைப் படிக்கும், செல்போன் எம்பி4-ஐப் படிக்காது. இதற்குப் பென்டிரைவ் ஃபேட்32-இல்தான் இருக்க வேண்டும். அப்பத்தா வீட்டுப் பிளேயரிலும் துளை இருக்கிறது. ஆனால் உப்புக்காற்றில் உள்ளே பச்சை பூத்து, எதைச் செருகினாலும் அசையவில்லை.

டிஸ்க் மேல் பேப்பர் லேபிள் ஒட்டாதீர்கள், சுற்றும்போது ஆடும். பால்பாயின்ட் பேனாவும் வேண்டாம். மார்க்கரில் பெரிசாக எழுதுங்கள். எங்கள் டிஸ்க்குகளில் கல்யாணம், கோயில், பாலம் என்று எழுதிக் கொடுத்தேன். பாலம் என்று எழுதியது மட்டும் உறைக்குள் போவதே இல்லை, தட்டிலேயே கிடக்கிறது. அதனால் அதற்கு ஒரு நகல் போட்டு என்னிடம் வைத்திருக்கிறேன்.