உப்பளத்து ஓரம் சிவந்து நிற்பது என்ன செடி?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் பேருந்தில் போகும்போது, உப்பளங்களைத் தாண்டிய சேற்று வெளியில் ஒரே மாதிரிச் செடியாக நின்றது. இலை இல்லை, கணுக்கணுவாக இருந்தது. சில இடத்தில் பச்சை, சில இடத்தில் செக்கச்செவேல். நோய் பிடித்திருக்கிறதா? அது என்ன செடி?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: நோயெல்லாம் இல்லை. நீங்கள் பார்த்தது உமரி. தாவரவியலில் சாலிகோர்னியா பிராக்கியாட்டா என்பார்கள். முதிரும்போது சிவக்கும், அவ்வளவுதான். பீட்ரூட்டுக்குச் சிவப்பைத் தரும் அதே வகை நிறமிதான் இதிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். நம் முளைக்கீரையும் அதே குடும்பம்தான்.

அடுத்த முறை இறங்கிக் கிட்டப் போய்ப் பாருங்கள். முழங்கால் உயரம் வந்தாலே அதிகம். கிளைகள் எதிரெதிராக இரண்டிரண்டாகப் பிரியும். இலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், உண்மையில் இருக்கிறது. ஒவ்வொரு கணுவின் உச்சியிலும் இரண்டு சிறு செதில்கள் ஒட்டிச் சேர்ந்து ஒரு விளிம்பாக நிற்கும். அதுதான் இலை. நுனியை நகத்தால் கிள்ளி இழுத்தால் பச்சைச் சதை உறை மாதிரி கழன்று வரும், உள்ளே நார் போன்ற தண்டு மட்டும் மிஞ்சும். விரலில் ஒட்டிய சாறு நன்றாகக் கரிக்கும். மாணவர்களைக் கழிமுகத்துக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். பூக்கள் மேல்கணுக்களின் சதைக்குள் மும்மூன்றாகப் புதைந்திருக்கும். மஞ்சள் மகரந்தப்பை வெளியே தலைகாட்டினால்தான் பூத்திருப்பதே தெரியும். மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகிறது, அதனால் பூச்சியைக் கூப்பிட வண்ண இதழ் தேவைப்படவில்லை.

அலை வந்து மோதும் மணற்கரையில் இதைத் தேட வேண்டாம். கழிமுகம், காயல், அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் கிடக்கும் சேற்று வெளி, உப்பளத்து வரப்பு, இவைதான் இதன் இடம். முத்துப்பேட்டை, பிச்சாவரம், தூத்துக்குடி, வடக்கே குஜராத், கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார், புத்தளம் என்று பல இடங்களில் உண்டு. பெரிய ஓதம் வரும் நாளில் தண்ணீர் ஏறி நனைத்துவிட்டுப் போகும். அப்புறம் வெயிலில் மண் காய்ந்து உப்புப் பூக்கும். கடல்நீரைவிட அதிக உப்புள்ள அந்த மண்ணிலும் உமரி நிற்கும். பக்கத்திலேயே நிற்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் உப்பை இலையில் உள்ள சுரப்பி வழியாக வெளியே தள்ளிவிடும். உமரிக்கு அந்தச் சுரப்பி கிடையாது. உள்ளே வந்த உப்பைச் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழில் ஒதுக்கி வைத்து, அதன் பலத்திலேயே தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. இத்தனை சதைப்பற்றும் அதனால்தான். ஆனால் விதை நன்றாக முளைக்க மழை பெய்து மண்ணின் உப்புக் கொஞ்சம் தணிய வேண்டும்.

இந்த வெளியைத் தரிசு என்று நினைத்து மண் கொட்டி மேடாக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஓதம் வந்துபோகும் வழியை அடைத்துவிட்டால் உமரி போய்விடும், சீமைக்கருவேலம் ஏறிவிடும். பிறகு பழையபடி உமரியைக் கொண்டுவருவது லேசில் நடக்காது.

கேள்வி: எங்கள் ஊரில் சின்ன இலையுள்ள செடியையும் உமரி என்கிறார்கள். ரோஸ் பூ பூத்துத் தரையில் படர்வதும் அதுதானா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: இலை இருந்தால் அது சுவேடா. உருண்டு தடித்த சின்ன இலைகள் இருக்கும், இலைக்கக்கத்தில் கடுகளவு பூக்கள் இருக்கும். அதையும் உமரி என்று சொல்வது வழக்கம்தான், தப்பில்லை. படர்வது செசுவியம், அது வேறு குடும்பம். சிவந்த வழவழப்பான தண்டு, எதிரெதிராகத் தடித்த இலை, கணு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர். மணல், சேறு இரண்டிலும் படரும். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753-இல் இதைப் பருப்புக்கீரையின் பேரினத்தில் சேர்த்து எழுதினார், பிறகு 1759-இல் அவரே தனிப் பேரினத்துக்கு மாற்றினார். பூவைத் திருப்பிப் பாருங்கள், ரொம்ப அழகு. ரோஸ் நிறமாகத் தெரிவது இதழ் இல்லை, புல்லியின் உட்பக்கம். வெளிப்பக்கம் பச்சை. பகலில் சில மணி நேரம் மட்டும் விரிந்திருக்கும்.

கேள்வி: உமரியைச் சமைக்கலாமா? மாடியில் வளர்க்கலாமா?
- வாசகர், சென்னை

பதில்: இளம் நுனியைச் சமைக்கலாம். கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், தனியாக உப்புப் போட வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. ஆலைக் கழிவு, இறால் பண்ணைக் கழிவு கலக்கும் இடத்தில் பறிக்கவே கூடாது. இந்தச் செடி உப்போடு கன உலோகங்களையும் சேர்த்துவைக்கும். உணவாக மட்டுமில்லை, குஜராத்தில் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் இதிலிருந்தே சமையல் உப்பு எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

மாடியில் வளர்க்க வேரோடு பிடுங்கி வராதீர்கள். காய்ந்த நுனி இரண்டைக் கசக்கினால் விதை உதிரும். நல்ல தண்ணீரில் முளைக்கவிட்டு, செடி விரல் நீளம் வந்ததும் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இது ஓராண்டுச் செடி. அதனால் சிவந்து காயும்போது மறுபடியும் விதையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.