தைச்சியும் கூண்டுச் சண்டையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சில ஆண்டுகளாகத் தைச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையைப் பயின்று வருகிறேன். என்னுடன் பணிபுரியும் நண்பர், கூண்டுக்குள் மோதும் எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையைக் கற்பவர். 2017இல் செங்டு நகரில் சூ சியாவ்தோங் என்ற எம்எம்ஏ வீரர், வெய் லெய் என்ற தைச்சி ஆசிரியரைச் சில நொடிகளில் வீழ்த்திய காணொளியை அவர் எனக்கு அனுப்பிக் கேலி செய்துகொண்டே இருக்கிறார். தொடர்ந்து அதே போன்ற வேறு சிலவற்றையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் பட்டுச் சட்டை அணிந்த ஆசான்தான் கீழே கிடக்கிறார். சீனத்தின் மரபுக் கலைகள் வெறும் நடனம்தானா? நம் போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்த கலைக்கா இந்த நிலை? நான் பயில்வதை விட்டுவிடலாமா என்று கூடத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் காணொளியில் நாம் பார்ப்பது மிகக் குறைவு. ஒருவர் கையை நீட்டி வைத்துக்கொண்டு பின்வாங்குகிறார், மற்றவர் பாய்ந்து சென்று அவரைத் தரையில் தள்ளி முகத்தில் குத்துகிறார், நடுவர் விலக்கிவிடுகிறார். இருபது நொடிகளுக்குள் முடிந்துவிடும் இந்த நிகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது தோற்றது என்று கேட்கவே முடியும்.

வெய் லெய் அதற்கு முன்பே சீன அரசுத் தொலைக்காட்சியில் தோன்றியவர். அவருடைய உள்ளங்கையில் நிற்கும் புறா பறக்க முயன்றும் பறக்க முடியாமல் தவிப்பதாகவும், அவர் அடித்த தர்ப்பூசணியின் தோல் சிதையாமல் உள்ளிருக்கும் சதை மட்டும் நொறுங்கிப் போவதாகவும் அங்கே காட்டினார்கள். புறாவும் தர்ப்பூசணியும் திருப்பி அடிப்பதில்லை. அவருடைய ஆற்றலுக்குச் சான்றாகக் காட்டப்பட்ட எதிலும், அவரைத் தடுக்க விரும்பும் இன்னொரு மனிதர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சண்டைக்குப் பின்னர் நடந்தவை இன்னும் விசித்திரமானவை. கோபம் முழுவதும் வென்றவர் மீது திரும்பியது. இது தற்காப்புக் கலையின் அறத்துக்கு எதிரானது என்று சீன வூஷூ (தற்காப்புக் கலை) சங்கம் அறிக்கை வெளியிட்டது. சூவின் சமூக ஊடகக் கணக்கு காணாமல் போனது. குளிர்பானத் தொழிலதிபர் ஒருவர், தைச்சியின் மானத்தைக் காக்க முன்வரும் வீரருக்கு ஒரு கோடி யுவான் தருவதாக அறிவித்தார். சென் மரபுத் தைச்சியின் மூத்த ஆசான் சென் சியாவ்வாங்கை இழிவாகப் பேசியதற்காகத் தொடரப்பட்ட வழக்கில் சூ தோற்றார். அதன் தொடர்ச்சியாக அரசுக் கணக்கில் அவருடைய நம்பகத்தன்மை மதிப்பீடு குறைக்கப்பட்டு, விமானத்துக்கும் அதிவேக ரயிலுக்கும் சீட்டு வாங்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டார். 2019 மே மாதம் சின்ஜியாங்கின் கரமாய் நகரில் வர்மப் புள்ளிகளை அடித்தே ஆளைச் சாய்ப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒருவரோடு மோதுவதற்காக, அவர் சாதாரண ரயிலில் 36 மணி நேரம் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார். அந்த மேடையில் அவர் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் மேடையேற அவருக்கு இடமில்லாமல் போயிருந்தது.

ஒரு பயிற்சிக்கூடச் சண்டைக்கு ஒரு தேசம் இவ்வளவு பதற்றமடைவதற்குக் காரணம், அது சண்டையாக மட்டும் பார்க்கப்படவில்லை என்பதுதான். 1900ஆம் ஆண்டின் பாக்ஸர் கிளர்ச்சியில், பயிற்சியும் மந்திரமும் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று நம்பிய கிராமத்து இளைஞர்கள் அந்நியப் படைகளின் முன்னால் மடிந்தார்கள். ‘கிழக்காசியாவின் நோயாளி’ என்ற பழிச்சொல் சீனர்களை உறுத்திக்கொண்டிருந்த அந்தக் காலகட்டத்தில்தான், 1910இல், ஷாங்காயில் ஜிங்வூ என்ற தற்காப்புக் கலைச் சங்கம் தோன்றியது. குங்ஃபூ தேசத்தின் உடலுக்கு மருந்தாகவும் மானத்துக்குச் சின்னமாகவும் ஆனது அப்போதிலிருந்துதான். சின்னத்தைச் சோதித்துப் பார்ப்பவன் எப்போதும் துரோகியாகவே தெரிவான்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மரபுக் கலைஞர்கள் தோற்கும்போதெல்லாம் ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது: எங்கள் அடிகள் உயிரைப் பறிப்பவை, கண்ணையும் தொண்டையையும் குறிவைப்பவை, விதிகள் உள்ள மேடையில் அவற்றைப் பயன்படுத்த முடியாது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த விளக்கத்துக்கு ஜப்பானில் ஒருவர் பதில் சொல்லிப் பல காலம் ஆகிறது. 1882இல் கோடோகான் என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜுஜுட்சுவின் ஆபத்தான உத்திகளை வீரர்களின் அன்றாட மோதல் பயிற்சியிலிருந்து விலக்கினார். அதனால் மிச்சமிருந்தவற்றை மாணவர்கள் முழு வலிமையோடு, முழு எதிர்ப்புக்கு நடுவில், ஒவ்வொரு நாளும் செய்து பார்க்க முடிந்தது. கண்ணைக் குத்தும் உத்தியை வாழ்நாள் முழுவதும் காற்றில் மட்டுமே செய்து பழகியவனுக்கு, நகரும் தலையில் கண் எங்கே இருக்கும் என்பது கூடத் தெரியாது. சாதாரணமான ஒரு இடுப்பு வீச்சை எதிர்க்கும் உடல்களின் மீது ஆயிரக்கணக்கான முறை செய்தவனுக்குத் தூரமும் நேரமும் உடம்பில் ஊறியிருக்கும். எம்எம்ஏ வீரர்களின் பலம் அவர்களுடைய உத்திகளில் இருப்பதாக நான் நினைக்கவில்லை. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜியு-ஜிட்சு எதுவும் புதியதல்ல. வாரத்தில் பல நாட்கள், தன்னைத் தோற்கடிக்கவே முயலும் இன்னொருவருடன் மோதிப் பழகுவதில்தான் அந்தப் பலம் இருக்கிறது.

2020 மே மாதம் சாண்டோங் மாகாணத்தின் சிபோ நகரில் நடந்ததை இதனோடு வைத்துப் பாருங்கள். மா பாவ்குவோ என்ற 69 வயதுத் தைச்சி ஆசிரியர் அரை நிமிடத்துக்குள் மூன்று முறை விழுந்தார். மூன்றாவது முறை அவர் எழவில்லை. எதிரில் நின்றவர் இளைஞர் அல்லர், ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர். தொழில்முறை எம்எம்ஏ வீரரும் அல்லர். இதே மா வேறொரு சிறு மோதலைப் பற்றிப் பேசிய காணொளி சீனம் முழுவதும் கேலிப்பொருளாயிற்று. என் முஷ்டி அவன் மூக்கருகே போய்விட்டது, மரபுப்படி தொட்ட இடத்தில் நிறுத்திக்கொண்டேன், அந்த நேரத்தில் அவன் அடித்துவிட்டான், இளைஞர்களுக்கு அறம் இல்லை என்று அவர் அதில் வருந்துகிறார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. சீடர்கள் முன்னால் வாழ்நாள் முழுவதும் முஷ்டியை நிறுத்தி, சீடர்களும் விழுந்துகொண்டே இருந்தால், நிறுத்தியதே வென்றதாக ஆகிவிடும் என்று ஒருவர் உண்மையாகவே நம்ப முடியும். குருவை எதிர்ப்பது மரியாதைக் குறைவு என்று கருதப்படும் கூடத்தில், குருவுக்குத் தன் பலவீனத்தைத் தெரிந்துகொள்ளும் வழியே அடைந்துபோகிறது. (அதே ஆண்டு ஜூலையில், கலைஞர்கள் தங்களைப் பெரும் ஆசான் என்றும் உண்மையான மரபின் வாரிசு என்றும் அழைத்துக்கொள்வதை நிறுத்துமாறு வூஷூ சங்கமே வேண்டுகோள் விடுத்தது. மூன்றாண்டு முன்பு சூவைக் கண்டித்த அதே சங்கம்.)

ஆனால் மரபு எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று உங்கள் நண்பர் சொன்னால் அது தவறு. 1928இல் நான்ஜிங்கில் தற்காப்புக் கலைகளுக்கான மத்திய குவோஷூ (தேசியக் கலை) நிறுவனம் தொடங்கப்பட்டபோது, முதலில் அதை வூடாங் பிரிவு, ஷாவோலின் பிரிவு என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு தரப்பும் சண்டையிட்டுக்கொள்ளவே அந்தப் பிரிவினை கைவிடப்பட்டது. அங்கே மரபுக் குத்துவரிசைகளோடு சீன மல்யுத்தமான ஷுவாய்ஜியாவும், மேற்கத்தியக் குத்துச்சண்டையும் கற்பிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த தேசியத் தேர்வில் காயங்கள் கூடிப்போனதால், கடைசியில் எஞ்சியிருந்தவர்களை மோதவிடாமலே நிறுத்திக்கொண்டார்கள். மறு ஆண்டு ஹாங்சோவில் ‘லெய்தாய்’ எனப்படும் உயர்ந்த மேடையில் நடந்த பெரும் போட்டியில் புகழ்பெற்ற பல பெயர்கள் எடுபடவில்லை. முதலிடம் பெற்ற வாங் சிச்சிங் மல்யுத்தப் பின்னணி கொண்டவர். அதாவது, கலந்து பயின்று மேடையில் மோதிப் பார்த்தவர்களே வெல்வார்கள் என்பது 1993இல் டென்வரில் எம்எம்ஏவின் புகழ்பெற்ற யு.எஃப்.சி. போட்டி முதன்முதலாக நடப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சீனர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் தெளிவு பின்னர் மங்கிப்போனதற்கு அரசும் ஒரு காரணம், கதைகளும் ஒரு காரணம். மக்கள் சீனம் உருவான பிறகு வூஷூ உடற்பயிற்சியாகவும் அரங்கக் காட்சியாகவும் திருத்தி அமைக்கப்பட்டது. இன்று பூங்காக்களில் நாம் காணும் 24 அசைவுகள் கொண்ட எளிய தைச்சி, 1956இல் அரசு விளையாட்டு ஆணையம் தொகுத்தது. போட்டிகள் என்றால் ஜிம்னாஸ்டிக்ஸைப் போல நடுவர்கள் மதிப்பெண் போடும் அசைவு வரிசைகள் என்று ஆனது. 1979இலிருந்து மோதல் பகுதியைச் சோதனை முறையில் மீட்டெடுத்தபோது அதற்குச் சாண்டா என்ற தனிப் பெயரும், கையுறையும், தனி விதிகளும், தனிப் பயிற்சியாளர்களும் வந்தார்கள். குத்து, உதை, வீச்சு எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. பரம்பரைப் பெயரும் பட்டுச் சட்டையும் இங்கே தங்கிவிட்டன. சீன மரபுக்கு உண்மையில் நேர்ந்தது இந்தப் பாகப்பிரிவினைதான் என்பது என் எண்ணம்.

சூ சியாவ்தோங்கே சாண்டாவில் தேறி வந்தவர். 2019 ஆகஸ்ட் 31 அன்று ஷென்ஜெனில் பிரேசிலின் ஜெசிகா ஆந்த்ராஜியை 42 நொடிகளில் வீழ்த்தி, யு.எஃப்.சி. பட்டம் வென்ற முதல் சீனரான சாங் வெய்லியும் சிறுவயதில் வூஷூவும் பிறகு சாண்டாவும் பயின்றவர். அவர் பிறந்த ஹான்டான் வட்டாரம்தான் யாங் மரபுத் தைச்சியின் தாயகமும். அப்படியிருக்க, நீங்கள் பார்க்கும் காணொளிகளில் சீன மரபு எந்தப் பக்கம் நிற்கிறது? என் கண்ணுக்கு அது இரண்டு பக்கமும் நிற்கிறது.

கதைகளைப் பற்றிச் சொன்னேன். 1954 ஜனவரி 17 அன்று ஹாங்காங்குக்கு அருகிலுள்ள மக்காவ் நகரில், ஐம்பது வயதைக் கடந்த தைச்சி ஆசான் வூ கோங்யியும், முப்பதுகளில் இருந்த வெண்கொக்குக் குங்ஃபூ வீரர் சான் ஹாக்-ஃபூவும் பெரும் கூட்டத்தின் முன் மோதினார்கள். சில வாரங்களுக்கு முன் ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் பற்றிய தீயில் வீடிழந்தவர்களுக்கு நிதி திரட்டுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தச் சண்டையின் படச்சுருள் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. கைகள் தாறுமாறாக வீசப்படுகின்றன, சானின் மூக்கில் ரத்தம் வழிகிறது, இரண்டாம் சுற்றிலேயே நடுவர்கள் நிறுத்தி, வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமநிலையும் இல்லை என்று அறிவிக்கிறார்கள். இதைவிட அழகற்ற சண்டை இருக்க முடியாது. ஆனால் ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த ஹாங்காங் செய்தித்தாள் ஒன்று, மூன்றே நாட்களில் லியாங் யூஷெங்கின் சாகசத் தொடர்கதையை வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜின் யோங் என்ற எழுத்தாளரும் எழுத வந்தார். வூஷியா எனப்படும் வீரசாகசக் கதைகளின் நவீன இலக்கியம் என்று இன்று கொண்டாடப்படுவதன் தொடக்கம் அது. வாசகனாக நான் அந்தக் கதைகளுக்குக் கடன்பட்டவன். ஆனால் குங்ஃபூ ஆசான் என்றதும் நம் மனதில் எழும் உருவம் மக்காவ் படச்சுருளிலிருந்து வந்ததல்ல, அதைத் தொடர்ந்து எழுதப்பட்ட பக்கங்களிலிருந்தும் அவற்றை வைத்து எடுக்கப்பட்ட படங்களிலிருந்தும் வந்தது. வெய் லெய்யிடமும் மா பாவ்குவோவிடமும் நாம் எதிர்பார்த்தது அந்தப் பக்கங்களைத்தான்.

சூவின் வெற்றிகளையும் அவற்றின் அளவோடு பார்க்க வேண்டும். அவர் பெரும்பாலும் மோதியது தொழில்முறைப் போட்டிகளில் அனுபவமில்லாத, அதீத ஆற்றல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டவர்களுடன். தான் எதிர்ப்பது மரபை அல்ல, போலிகளை என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வேலையை அவர் துணிச்சலாகச் செய்தார். 2018இல் விங் சுன் என்ற குங்ஃபூ வகையின் ஆசிரியர் திங் ஹாவ் அவரிடம் பலமுறை விழுந்தும் சண்டை சமநிலை என்று அறிவிக்கப்பட்டபோது, சூவுக்கு எதிராக எப்படிப்பட்ட அழுத்தம் இருந்தது என்பது தெரிந்தது. ஆனால் அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். எண்பதை நெருங்கியும் தைச்சி செய்து முழங்கால் வலியில்லாமல் நடமாடும் ஒரு மூதாட்டியின் பயிற்சி, கூண்டுக்குள் செல்லுபடியாகுமா என்பது பொருளற்ற கேள்வி. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தைச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும், அது யாரையாவது வெல்லும் என்பதற்காகச் சேர்க்கவில்லை.

போதிதர்மரைப் பற்றி இரண்டு வரி. அவர் தென்னிந்தியர் என்று ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவியான தாவ்சுவான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சண்டைக் கலை கற்பித்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் தசைநார்ப் பயிற்சி நூல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் பெயரில் பின்னால் ஏற்றப்பட்டது. இதைக் கண்டு சொன்னவர் வெளியார் அல்லர், 1930களில் குவோஷூ நிறுவனத்தோடு தொடர்பிலிருந்த ஆய்வாளர் தாங் ஹாவ். அதற்காக அவரும் வசைபட்டார். எனவே செங்டுவில் விழுந்த அடி நம் மீது விழுந்ததாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தைச்சியை விட வேண்டாம். உங்கள் ஆசிரியர், இருவர் கைகளைத் தொட்டபடி ஒருவரையொருவர் நிலைகுலைக்க முயலும் ‘தள்ளும் கைகள்’ பயிற்சியைக் கற்பிக்கிறாரா என்று பாருங்கள். கற்பித்தால், அடுத்த முறை இசைந்து விழாமல் உண்மையாகவே எதிர்த்து நில்லுங்கள். அப்போது அவர் மகிழ்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்பதிலிருந்து அந்தக் கூடத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். சண்டை கற்பதுதான் உங்கள் விருப்பம் என்றால், வாரத்தில் ஒரு நாள் உங்கள் நண்பரோடு அவருடைய பயிற்சிக்கூடத்துக்கும் போங்கள். முதல் மாதம் அடி வாங்குவீர்கள். அவரும் தன் முதல் மாதத்தில் வாங்கியிருப்பார்.

அன்புடன்.