கொழும்பு டாக்கோவில் எது குறைகிறது?

பிழை இறைச்சியில் இல்லை, பெரும்பாலும் அதை வைத்து மடிக்கும் டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில்தான். கொள்ளுப்பிட்டியில் வாங்கிய டாக்கோ என்ற மெக்சிகோ உணவு "கோழிக்கறியைச் சுருட்டித் தந்த மாதிரி" இருந்தது, சமையல்காரருக்குத் தெரியாதா என்று கேட்டிருந்தீர்கள்.

மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவிட்டு, கழுவித்தான் அரைப்பார்கள். அந்தத் தனி மணமும் மா ஒட்டிப்பிடிப்பதும் சுண்ணாம்பால் வருபவை. சாதாரண சோள மாவில் தட்டினால் உதிரும். அதனால் இங்கே கோதுமைக்குப் போய்விடுகிறார்கள். உள்ளே நம் கறித்தூளும் சேர்ந்தால் சுருட்டிய ரொட்டிதான் மிச்சம்.

அடுத்த முறை ஓடர் கொடுக்க முன்னர், டோர்ட்டியா சோளமா கோதுமையா என்று கேளுங்கள். சோளம் என்றால், சூடாக ஒன்றைத் தனியே வாங்கி மடித்துப் பாருங்கள். வெடிக்காமல் மடிந்தால் மா சரி. அப்புறம் தேசிக்காய், வெங்காயம், கொத்தமல்லி இலை வருகிறதா பாருங்கள். மயோனைஸ் மட்டும் வந்தால் எனக்கு நம்பிக்கை போய்விடும்.

ஆனால் கோதுமை என்றதும் போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள். வட மெக்சிகோவில், சொனோரா பக்கம், கோதுமை டோர்ட்டியாதான் பிரபலம். ஓடு மாதிரி மொறுமொறுப்பான டோர்ட்டியாவும் மஞ்சள் சீஸும்தான் அமெரிக்கப் பழக்கம்.