அக்கம்பக்கத்தார் சேர்ந்து குடியிருப்பைச் சூழலுக்கு உகந்ததாக மாற்ற முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் கூட்டம் போட்டுத் தொடங்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம். சூரிய மின்தகடு, மழைநீர், மாடித்தோட்டம், சைக்கிள் என்று முதல் நாளே யோசனைகள் குவிந்தன. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். நோட்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது.

என்னைக் கேட்டால் மக்கும் குப்பையில் தொடங்குங்கள். அது எல்லா வீட்டிலும் தினமும் சேர்கிறது, பெரிய முதலீடும் வேண்டாம், தப்பு நடந்தால் மூக்கே சொல்லிவிடும். அதோடு, இது சேர்ந்து செய்தால்தான் நன்றாக நடக்கும் வேலை. ஒரு வீட்டு வாளிக் கழிவு மட்டும் இருந்தால் சூடு தங்காது, மெதுவாகத்தான் மக்கும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுமார் 1 மீட்டர் இருந்தால் உள்சூடு வெளியே போகாமல் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் செத்துவிடும். அந்த அளவுக்குக் குவியல் சேரப் பல வீடுகள் வேண்டும்.

நாங்கள் 22 வீடுகள். காலியாகக் கிடந்த ஒரு மூலையில், காற்றுப் போக இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கித் தொட்டி கட்டினோம். இரண்டு மாதம் பெருமையாகப் போனது. மூன்றாம் மாதம் நாற்றம். தொட்டிக்குப் பக்கத்துக் கீழ்வீட்டு அக்கா ஒரு காலையில் வந்து, "இதை நீங்கள் எடுக்கிறீர்களா, நான் ஆள் வைத்து எடுக்கட்டுமா?" என்றார். கோபப்படாமல் கேட்டதுதான் பயமாக இருந்தது.

நாங்கள் செய்த முதல் காரியம், வாட்ஸாப் குழுவில் நீளமாக விளக்கம் போட்டது. ஒரு பயனும் இல்லை. எல்லோருக்கும் விஷயம் தெரிந்தே இருந்தது: சமையலறைக் கழிவில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், சருகில் கார்பன் அதிகம், 1 பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் நன்றாக மக்கும். ஈரக் கழிவை மட்டும் கொட்டினால் காற்றுப் புகாமல் அழுகும், மீத்தேனும் வரும். அது 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும் வாயு. புவியைக் காப்பாற்றப் போன இடத்தில் இது!

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சருகுக் குவியல் வளாகத்தின் மறுகோடியில் கிடந்தது. சொட்டுகிற வாளியைக் கையில் வைத்துக்கொண்டு யார் அவ்வளவு தூரம் நடந்து சருகு அள்ளிவருவார்கள்? நானே போனதில்லை. ஒரு பழைய டிரம்மில் சருகை நிரப்பித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தோம், உள்ளே ஒரு முறத்தோடு. ஒரு வாளி கழிவு கொட்டினால் இரண்டு வாளி சருகு, அவ்வளவுதான் விதி. கிளறியும் விட்டோம். பத்து நாள் கழித்துக் குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவிப் பார்த்தேன். நுனியைத் தொட்டுவிட்டு உடனே கையை எடுத்துவிட்டேன். நாற்றம் போய் ஈரமண் வாசனை வந்திருந்தது.

அடுத்த தலைவலி, யார் கிளறுவது என்பது. ஆர்வக்கோளாறில் நானே எல்லாம் செய்துகொண்டிருந்தேன். மூன்று வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்தால் பழைய கதை. அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு வீடு என்று முறை போட்டோம். முறைக்காரர் பெயரைத் தொட்டிக்கு மேலே சிலேட்டில் எழுதினோம். குழுவில் போட்டால் செய்தியோடு செய்தியாக மேலே போய்விடும். சிலேட்டைத் தினமும் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும். முறை தவறினால் அபராதம் கிடையாது, அடுத்த வாரமும் அவர்களே. அபராதம் வைத்தால் காசைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

பிறகுதான் எலினோர் ஆஸ்ட்ரம் பற்றிப் படித்தேன். 2009இல் பொருளாதார நோபல் பெற்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். பொது மேய்ச்சல், பாசன வாய்க்கால், மீன்பிடி என்று பல நாட்டுப் பொதுச்சொத்துகளை ஆராய்ந்தவர். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517 முதல் இருந்த விதி ஒன்றைச் சொல்கிறார்: குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்கு உங்களால் தீனி போட முடியுமோ, அத்தனையைத்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். மாட்டை எண்ணினால் போதும், யார் ஏமாற்றுகிறார் என்று தெரிந்துவிடும். எங்கள் சிலேட்டும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது.

ஒன்று ஓடத் தொடங்கினால் மற்றவை தானாக வரும். ஏணி, டிரில்லிங் மிஷின் யார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டோம். மழைநீருக்குக் கணக்கு எளிது: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். பழுது பார்க்கும் நாள் ஒன்று வைக்க ஆசை. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினா போஸ்ட்மா தொடங்கிய 'ரிப்பேர் கஃபே' அந்த மாதிரிதான். எங்களிடம் இன்னும் மிக்ஸி திறக்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை.

மூன்று வீடுகள் இன்று வரை குப்பை பிரிப்பதில்லை. முதலில் சண்டை போட்டேன், இப்போது விட்டுவிட்டேன். போன வாரம் அதில் ஒருவர் ஏணி கேட்டு வந்தார். கொடுத்தோம்.