கேள்வி-பதில்: செகண்ட் ஹேண்டில் மலைக்குப் போகும் பைக்

கே: மேகமலை, கொல்லிமலை என்று சுற்ற, அதிகம் செலவு வைக்காத ஒரு பழைய அட்வெஞ்சர் பைக் வேண்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-ஆ, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஆ? என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். (வாசகர், தேனி)

ப: எக்ஸ்பல்ஸ். அதன் சீட் உயரம் 823 மி.மீ. என்றதும் பயந்துபோய், 800 மி.மீ. ஹிமாலயன் பக்கம் போகிறவர்கள் நிறைய. சேற்றில் சாய்ந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கும்போதுதான் எடை புரியும். எக்ஸ்பல்ஸ் முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. பின்னால் ஆளும் சாமானும் ஏற்றி நெடுஞ்சாலையில்தான் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால் ஹிமாலயன் சரி. அதிலும் 2016-ல் வந்த கார்புரேட்டர் வண்டி வேண்டாம். 2017-க்குப் பிறகு வந்த ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியாகப் பாருங்கள்.

கே: "சிங்கிள் ஓனர், ஒரே ஒரு தடவை லடாக் போனது, ஸ்க்ராட்ச்கூட இல்லை" என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து வாங்குவது? (வாசகி, கோவை)

ப: டேங்கின் பளபளப்பை விட்டுவிட்டு, குனிந்து இன்ஜினுக்கு அடியில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். லடாக் எத்தனை தடவை என்பது அங்கே தெரியும். முன் ஃபோர்க் குழாயில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுங்கள். எங்காவது மாட்டினால் ஆயில் சீல் நிற்காது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போச்சு. அப்படியே சக்கரத்தைச் சுழலவிட்டு, ஃபோர்க்கோடு சேர்த்து ஒரு பேனாவை ரிம்முக்கு அருகே பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் நெளிந்திருக்கிறது.

முக்கியமாக, நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சூடான இன்ஜினோடு காட்டிய வண்டி ஒன்றை நானும் வாங்கினேன். மறுநாள் காலை, இன்ஜின் ஆறியதும் ஸ்டார்ட் ஆகாமல், அதைத் தள்ளிக்கொண்டேதான் மெக்கானிக் கடைக்குப் போனேன்.

கே: விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம். 8,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். இப்போது பார்சல் சார்ஜ் தனியாகக் கேட்கிறார். (வாசகர், திருச்சி)

ப: வண்டியே கிடையாது. இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கே: இரண்டு வருடம் முன்பு என் பைக்கைப் புரோக்கரிடம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். இப்போது ஹெல்மெட் போடாத சலான் எல்லாம் எனக்கு வருகிறது. (வாசகர், மதுரை)

ப: பாவம் நீங்கள். ஆனால் ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர். பல கை மாறிய ஒரு வண்டியின் விபத்து வழக்கில், பதிவில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உள்மாநில விற்பனை என்றால் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். புரோக்கர் ஏன் செய்வதில்லை? பெயர் மாற்றினால் ஆர்சியில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும், விலை இறங்கும். அவருடைய லாபத்துக்கு உங்கள் பெயர் அடமானம். வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இருபதாயிரத்துக்கு பேனியர் பெட்டி (பக்கவாட்டு சாமான் பெட்டி) மாட்டுவார்கள். பெயர் மாற்ற மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்". பெயர் மாற்றாமல் இப்படி எழுதும் யாருக்கும் இனி இங்கே பதில் கிடையாது.

நீங்கள் வண்டியைக் கொடுத்ததற்கான டெலிவரி நோட் நகலோடு ஆர்டிஓவிலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். இனி கடையில் விற்பதானால் அங்கீகாரம் பெற்ற டீலரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அதற்கு விதி இருக்கிறது. படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால் பொறுப்பு டீலருடையது.

கே: பெங்களூரில் கேஏ நம்பர் வண்டி 20,000 ரூபாய் மலிவு. வாங்கலாமா? (வாசகர், ஓசூர்)

ப: படிவம் 28 என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), நம்மூர் ஆயுள் வரி, புது நம்பர், அலைச்சல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகும் மிச்சம் இருந்தால் வாங்குங்கள். கர்நாடகத்தில் கட்டிய வரியைத் திரும்ப வாங்கித் தருவதாக ஓனர் சொன்னால், அந்தத் தொகையை இப்போதே விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.