வீடு கடைசியில் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லண்டனில் 33 வருடமாக இருக்கிறோம். இருவரிடமும் பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும்தான். அடுத்த வருடம் எனக்கு அரச பென்ஷன் தொடங்குகிறது. அதோடு கொழும்புக்கு வந்துவிட எண்ணம். தெஹிவளையில் 5 பேர்ச் காணியோடு ஒரு வீடு பிடித்திருக்கிறது. இப்போதைக்கு உறுதியை (காணிப் பத்திரத்தை) மனைவியின் தம்பி பெயரில் எழுதலாம் என்கிறார் தரகர். முற்பணம் கொடுக்கலாமா?
— ச., லண்டன்

அன்புள்ள ச.,

கொடுக்க வேண்டாம். தரகர் தம்பி பெயரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரித்தானியக் குடியுரிமை எடுத்ததோடு உங்கள் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணி எழுத முடியாது. தம்பி பெயரில் எழுதினால் வீடு தம்பியுடையதுதான். அவர் தங்கமான மனிதராகவே இருக்கட்டும். அவருக்கு ஒன்று நடந்தால் வீடு அவர் மனைவி பிள்ளைகளுக்குப் போகும். அவர் பட்ட கடனுக்கும் அந்த வீட்டின் மேல் கை வைப்பார்கள்.

இரட்டைக் குடியுரிமை கிடைத்தால் இந்தத் தடை உங்களுக்கு இல்லை. 55 வயதைத் தாண்டியவர்கள் வயதைக் காட்டியே விண்ணப்பிக்கலாம். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களில் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், மற்றதில் பின்னால் என்று கிடந்தால் அதைச் சரிப்படுத்தவே மாதக்கணக்காகும்.

அடுத்தது பென்ஷன். இதைத்தான் பலர் வந்து இறங்கிய பிறகு அறிகிறார்கள். இலங்கையில் குடியிருப்பவருக்குப் பிரித்தானிய அரச பென்ஷன் வருடாவருடம் உயராது. 2016 இல் புதிய முழுப் பென்ஷன் வாரத்துக்கு 155.65 பவுண். அந்தத் தொகையோடு அப்போது இங்கே வந்து தங்கியவருக்கு இன்றும் அதே 155.65 தான். லண்டனில் இருந்தவருக்கு 2025-26 இல் அது 230.25. ஆகவே முதல் வருடக் கணக்கை வைத்து வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள். (கனடாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: 18 வயதுக்குப் பின் 20 வருடம் அங்கே வாழ்ந்திருந்தால் முதியோர் பென்ஷன் இங்கேயும் தொடரும், இல்லாவிட்டால் 6 மாதத்தில் நிற்கும்.)

வெளிநாட்டில் இருப்பவருக்கு 'உயிரோடு இருக்கிறார்' என்ற படிவம் தபாலில் வரும். சாட்சி ஒருவரின் கையொப்பத்தோடு 16 வாரத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் பணம் நிற்கலாம். வீடு மாறும்போது விலாசத்தை அறிவிக்க மறப்பதால்தான் பெரும்பாலும் இது தவறுகிறது.

பென்ஷன் பணம் முழுவதையும் ரூபாயாக மாற்றாதீர்கள். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனதை நாங்கள் பார்த்தோம். வெளிநாட்டு நாணயக் கணக்கில் பவுணாகவே வைத்து, மாதச் செலவுக்கு மட்டும் மாற்றுங்கள்.

வைத்தியம்: லண்டனை விட்டு நிரந்தரமாக வந்துவிட்டால் அங்குள்ள இலவச ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கான உரிமையும் போகும். இங்கே தனியார் காப்புறுதிக்கு வயதெல்லை உண்டு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு விலக்கும் உண்டு. புறப்படுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருந்துகளின் வணிகப் பெயரோடு மட்டும் வராதீர்கள். மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதிய துண்டு இருந்தால்தான் பார்மசியில் அதே மருந்தைத் தேடித் தர முடியும்.

வந்ததும் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். தொடர்மாடி பார்க்கப் போனால் வரவேற்பறையின் அழகைப் பார்க்கும் முன் லிஃப்டுக்குள் நில்லுங்கள். நாலு பேர் நெருக்கி நிற்கும் லிஃப்டில் ஸ்ட்ரெச்சரைப் படுக்கையாக ஏற்ற முடியாது. நோயாளியைக் கதிரையில் இருத்திப் படியால்தான் தூக்க வேண்டும். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்டும் ஓடுமா, விளக்கு மட்டும்தானா என்று காவலாளியிடமே கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். 1990 என்ற எண்ணை அழைத்தால் வரும் அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீடு வாங்கிய கையோடு இங்கே தனியாக ஒரு மரணசாதனம் (உயில்) எழுதுங்கள். நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னிலையில் எழுதினால் 2 சாட்சி போதும். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் 5 சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். லண்டனில் எழுதியதை ரத்துச் செய்யும் வரி தவறுதலாக அதில் புகுந்துவிடாமல், இலங்கைச் சொத்துக்கு மட்டும் என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.