பித்து, வெறி, மோகம்: எதை எங்கே சொல்வது?

கேள்வி: பள்ளிக் கட்டுரையில் என் மகள் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களைப் ‘புத்தக வெறியர்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதை அடித்துவிட்டுப் ‘புத்தகப் பிரியர்’ என்று திருத்தியிருக்கிறார். எது சரி?
— வாசகி, தேவகோட்டை

இரண்டுமே பொருந்தவில்லை. காபிப் பிரியர், இனிப்புப் பிரியர் என்கிறோம். கிடைத்தால் மகிழ்வார், கிடைக்காவிட்டால் பேசாமல் இருந்துவிடுவார். ரோஜா முத்தையா அந்த ரகம் அல்லர். புத்தகம், பத்திரிகை மட்டுமா, கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று ஊரே தூக்கிப் போடுவதையும் தேடிச் சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்தபோது சேர்ந்திருந்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. இதைப் பிரியம் என்றால் குறைத்துச் சொன்னதாகும்.

வெறியும் ஒட்டாது. ஒரு சொல்லின் குணம் தெரிய வேண்டுமென்றால், அதோடு எந்த வினை சேர்கிறது என்று பாருங்கள். வெறி ஏறும், தணியும், அடங்கும். ஏறும்போது ஆள் தன் வசத்தில் இருப்பதில்லை. சங்க காலத்தில் வேலன் மேல் முருகன் வந்து ஆடியது வெறியாட்டு. குடிவெறியும் வெறிநாயும் அதே வழியில் வந்தவை. பல்லாண்டு நிதானமாகத் தேடி, அடுக்கி, பாதுகாத்தவருக்கு இது எப்படிப் பொருந்தும்? ‘வெறித்தனமா படிக்கிறான்’ என்று இளவட்டங்கள் பாராட்டாகச் சொல்வது உண்மைதான், பேச்சில் அது நன்றாகவும் இருக்கிறது. ஆனால் செயலைச் சொல்லும்வரைதான் அது பாராட்டு. ‘வெறியர்’ என்று ஆளின் மேல் ஏற்றிவிட்டால் சாதிவெறியர், மதவெறியர் வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

உங்கள் மகள் தேடிய சொல் பித்து. பித்து பிடிக்கும், பிடித்தால் லேசில் விடாது. ‘பெத்த மனம் பித்து’ என்கிறோமே, அங்கே பித்தை எடுத்துவிட்டு வெறி, மோகம், பைத்தியம் என்று ஒவ்வொன்றாக வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்றும் நிற்காது. லாப நட்டம் பார்க்காத அன்பு பித்தில்தான் இருக்கிறது. சுந்தரர் சிவபெருமானைப் பித்தா என்று அழைத்ததும் அதனால்தான் இன்றுவரை வசவாக ஒலிக்கவில்லை. ‘புத்தகப் பித்துக் கொண்டவர்’ என்று எழுதச் சொல்லுங்கள். ‘புத்தகப் பைத்தியம்’ வீட்டுக்குள் செல்லமாகச் சொல்ல ஏற்றது. மறைந்த பெரியவரைப் பற்றிய கட்டுரைக்கு ஆகாது.

கேள்வி: ஆயா காலத்து எனாமல் தூக்கு, பித்தளை அண்டா, மரச்சாமான் எதையும் நாங்கள் விற்கவில்லை. பார்க்க வந்த ஒருவர் ‘செட்டிநாட்டுக்காரர்களின் பழஞ்சாமான் மோகம்’ என்று எழுதிவிட்டார். மனம் ஏனோ சுருக்கென்றது.
— வாசகர், கானாடுகாத்தான்

சுருக்கென்றது நியாயமே. மோகம் வெளியே நின்று பார்ப்பவர் சொல்லும் சொல். தங்க மோகம், வெளிநாட்டு மோகம் என்னும்போதே, ‘அதில் அப்படி என்ன இருக்கிறது, நாளைக்குத் தெளிந்துவிடும்’ என்ற தீர்ப்பும் கூட வருகிறது. ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று கெடுவே வைத்திருக்கிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நேற்றுவரை பார்த்திராத தூணைக் கண்டதும் விலை கேட்பவருக்கு மோகம் சரி. கல்யாணத்தில் பரப்பிய சாமானை இன்றும் புளி போட்டுத் துலக்கி வைக்கும் ஆச்சிக்கு அது உசிரு. ‘சாமான்னா ஆச்சிக்கு உசிரு’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு வலித்திருக்காது.

கேள்வி: நம்முடையது மொழிப்பற்று, எதிராளியுடையது மொழிவெறி என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். அளவுகோல் உண்டா?
— வாசகர், காரைக்குடி

உண்டு. எதிராளி இல்லாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். சா. கணேசன் 1939-இல் உங்கள் ஊரில் கம்பன் கழகம் தொடங்கினார். ‘கம்பன் அடிப்பொடி’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அந்த ஈடுபாடு நிற்க யாரையும் பழிக்க வேண்டியிருக்கவில்லை. அது பற்று. அடுத்தவர் மொழியை இழுக்காமல் தன் மொழியைப் பற்றி நாலு வாக்கியம் பேச வரவில்லையென்றால் அது வெறி, யாருடையதாக இருந்தாலும்.

கேள்வி: என் நாத்தனார் கை கழுவப் போனால் அரை மணி நேரம் ஆகிறது. கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுகிறார். வீட்டில் ‘சுத்தப் பைத்தியம்’ என்கிறார்கள். அப்படிச் சொல்லலாமா?
— வாசகி, பள்ளத்தூர்

சொல்லாதீர்கள். சுத்தத்தில் பிரியம் உள்ளவருக்குத் துடைத்து முடித்ததும் நிறைவு வரும். உங்கள் நாத்தனாருக்கு அந்த நிறைவு வருகிறதா, பயம் சற்று அடங்கி உடனே திரும்புகிறதா என்று கவனியுங்கள். ‘இது அதிகம்தான், ஆனால் விட முடியவில்லை’ என்று அவரே சொன்னால், இந்த வேலையிலேயே தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், அது ஓசிடியாக இருக்கலாம். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்பார்கள். முடிவு சொல்ல வேண்டியவர் மனநல மருத்துவர். மருந்து உண்டு, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கழுவத் தோன்றும்போது கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. வீட்டார் அடிக்கடி செய்யும் தவறு, ‘சுத்தமாயிடுச்சு, சுத்தமாயிடுச்சு’ என்று கேட்கும்போதெல்லாம் உறுதி சொல்வது. அப்போதைக்கு ஆறுதல் தரும், நோய்க்கு அதுவே தீனி. அதட்டுவதும் உதவாது. டெலி மானஸ் 14416 மனநல உதவிக்கான அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ‘செல்போன் மேல் அடிமை’ என்பது சரியா?
— மாணவர், திருப்பத்தூர்

இல்லை. அடிமைக்கு ‘கு’ வேண்டும்: செல்போனுக்கு அடிமை. பித்து, மோகம், வெறி ஆகியவற்றுக்கு ‘மேல்’. ஈடுபாடு, நாட்டம் என்றால் ‘இல்’. பேச்சில் ‘பணத்துலேயே குறியா இருக்கான்’ என்கிறோம்; அந்த ‘ஏ’ விடுபட்டால் வேகம் போய்விடும், எழுதும்போதும் விடாதீர்கள்.